டிரினிட்டி இனிஷியல் பியானோ தேர்வு: மகளுக்கு 66, எனக்கு 78

தேர்வின் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரப்போகிற புலம்பலில் பாதி, அந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறோம் என்று பத்து மாதம் ஃபீஸ் வாங்கிய எங்கள் ஏரியா வகுப்பைப் பற்றியது. வகுப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்கள் பக்கத்துத் தெருவிலும் அதே மாதிரி ஒன்று இருக்கும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் இனிஷியல் பியானோ தேர்வை அவள் எழுதினாள். (எழுதினாள் என்பது பழக்கதோஷம். இதில் எழுத ஒன்றும் கிடையாது, வாசித்துக் காட்ட வேண்டும்.) 66 மார்க், பாஸ். அடுத்த முறை தேர்வு நடந்தபோது அதே இனிஷியலுக்கு நான் போனேன், வயது 42. எனக்கு 78, மெரிட். இந்த 12 மார்க் எங்கே இருந்து வந்தது என்று ஆபீசில் பேலன்ஸ் டேலி ஆகாதபோது உட்காருகிற மாதிரி உட்கார்ந்து பார்த்தேன், அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிரினிட்டி என்ற பெயர் நமக்குப் புதிதில்லை. கிளாசிக்கல் கிதாரில் டிரினிட்டியின் தங்கப் பதக்கம் வாங்கியவர் இளையராஜா என்பது இசையே தெரியாத ஆளுக்கும் இங்கே தெரியும். அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கிற மியூசி மியூசிகலுக்கு ஆர்மோனியம் வாங்கப் போனவர்களுக்கும் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். அதனால் பேனரில் 'டிரினிட்டி கிரேடு' என்று போட்டுவிட்டால் பெற்றோர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

இனிஷியல் என்பது கிரேடு 1-க்கும் கீழே உள்ள படி. அதற்கு மேல் 1 முதல் 8 வரை. வயது வரம்பு கிடையாது, முந்தைய கிரேடு முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது, நேராக கிரேடு 3-க்குக்கூடப் பதிவு செய்யலாம். "இனிஷியல் எழுதாம கிரேடு 1 எழுத விடமாட்டாங்க மேடம்" என்று வகுப்பில் சொன்னார்கள். அது தவறு. இன்னொன்றும் சொன்னார்கள், இந்தச் சான்றிதழ் வெளிநாட்டில் காலேஜ் சேர உதவும் என்று. பிரிட்டன் பல்கலைக்கழகச் சேர்க்கையில் யூகாஸ் புள்ளிகள் கிடைப்பது கிரேடு 6, 7, 8-க்கு மட்டும்தான். இனிஷியல் சான்றிதழை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டலாம், நாங்கள் மாட்டியிருக்கிறோம்.

சரி, தேர்வில் என்ன கேட்கிறார்கள்? மொத்தம் 11 நிமிடம், 100 மார்க். மூன்று பாட்டு, ஒவ்வொன்றுக்கும் 22, ஆக 66. டெக்னிக்கல் வொர்க் என்று ஸ்கேல் (ஏறி இறங்கும் ஸ்வர வரிசை), விரல் பயிற்சி வகையறா, அதற்கு 14. மிச்சம் 20 மார்க் சப்போர்டிங் டெஸ்ட் இரண்டுக்கு, தலா 10. அந்த இரண்டை நான்கிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கலாம்: முன்பின் பார்க்காத இசைத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் சைட் ரீடிங், கேட்டுச் சொல்லும் ஆரல், சொந்தமாக இட்டுக்கட்டி வாசிக்கும் இம்ப்ரவைசேஷன், வாசித்த பாட்டின் இசைத் தாளைக் காட்டிக் கேள்வி கேட்கும் மியூசிகல் நாலெட்ஜ். 60 எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகப் பாஸாக வேண்டும் என்று இல்லை, மொத்தம் 60 வந்தால் போதும்.

இந்தக் கடைசி விதியில்தான் வகுப்புகள் குடித்தனம் நடத்துகின்றன. கணக்கைப் பாருங்கள். ஒரு குழந்தை மூன்று பாட்டையும் பிரமாதமாக வாசித்துத் தலா 20 வாங்கினால் அங்கேயே 60. அந்த அளவுக்கு வாசிக்காவிட்டாலும் 17, 18 என்று எடுத்தால் மற்ற இடங்களில் பத்துப் பதினைந்து மார்க் எப்படியும் விழும். ஆகவே மூன்று பாட்டை மட்டும் வருடம் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தால் போதும், ரிசல்ட் 'நூறு சதவீதத் தேர்ச்சி'. என் மகளுக்கு அதுதான் நடந்தது. புத்தகத்தில் ஒவ்வொரு நோட்டுக்கும் மேலே பென்சிலால் சி, டி, ஈ என்று எழுதி, கீழே விரல் நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் நோட்டைப் படிக்கவே இல்லை, பென்சில் எழுத்தைப் படித்தாள். ஸ்கேல் எப்போது என்று கேட்டால் "கடைசி மாசம் பாத்துக்கலாம் மேடம்". ஆரல் எப்போது? "அது ஈஸி மேடம், கை தட்டுறதுதான்."

ரிசல்ட்டோடு வருகிற ரிப்போர்ட் தாளைத்தான் நான் இந்தத் தேர்வின் மிக நல்ல அம்சம் என்று சொல்வேன். வெறும் மார்க் இல்லை, ஒவ்வொரு பகுதிக்கும் கீழே தேர்வாளர் இரண்டு மூன்று வரி எழுதியிருப்பார். மகளின் தாளில் பாட்டுகளுக்கு 18, 17, 17. டெக்னிக்கல் வொர்க்கில் 14-க்கு 7. மியூசிகல் நாலெட்ஜில் 10-க்கு 3. ஆரலில் 4. வகுப்பின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவள் போட்டோ வந்தது, தாளில் இருந்த கமெண்ட் வரவில்லை.

ஆரலில் என்ன நடந்தது என்று கேட்டேன். தேர்வாளர் பியானோவில் ஒரு சின்ன மெட்டை வாசித்துவிட்டு, இது ஃபோர்ட்டேயா பியானோவா என்று கேட்டிருக்கிறார். ஃபோர்ட்டே என்றால் பலமாக, பியானோ என்றால் மென்மையாக. இவளுக்கு அந்த இரண்டு சொல்லையும் யாரும் சொல்லித் தரவில்லை. எதிரே இருப்பது பியானோதானே, இதில் என்ன சந்தேகம் என்று "பியானோ" என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அன்று ராத்திரிதான் டிரினிட்டி வலைத்தளத்திலிருந்து சிலபஸை இறக்கினேன். இலவசம்தான், யாரும் இறக்கலாம். பத்து மாதமாக அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது.

சிலபஸைப் படித்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. சின்ன வயதில் நான்கு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டு கீதத்தோடு நிறுத்திய ஆள் நான். ஸ்கேல் பகுதியைப் பார்த்தால் நமக்குத் தெரிந்த சரக்காகவே இருக்கிறது. சி மேஜர் என்றால் ஒரு கட்டை ஸ்ருதியில் சங்கராபரணம், அவ்வளவுதான். ஏ மைனர் என்றால் ஆறு கட்டை ஸ்ருதியில் நேச்சுரல் வடிவம் நடபைரவி, ஹார்மானிக் வடிவம் கீரவாணி, மெலாடிக்கில் ஏறும்போது கௌரிமனோகரி. ஆரம்ப நிலையில் இந்த மூன்று மைனரில் எதை வேண்டுமானாலும் நாமே தேர்ந்தெடுத்து வாசிக்கலாம். நேச்சுரல் எடுத்தால் எல்லாமே வெள்ளைக் கட்டை. வகுப்பில் மகளுக்கு ஹார்மானிக் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஒரு கறுப்புக் கட்டை நடுவில் வரும், அங்கேதான் அவள் ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுந்தாள்.

ஆனால் ஸ்வரம் தெரிந்தால் மட்டும் போதாது என்பது மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. ஸ்கேலில் அவர்கள் பார்ப்பது விரல். வலது கையில் கட்டைவிரல் தொடங்கி மூன்று விரல் போனதும், கட்டைவிரலை அடியில் நுழைத்து நான்காவது ஸ்வரத்தைத் தொட வேண்டும். 1, 2, 3, மறுபடி 1, 2, 3, 4, 5. இடது கையில் ஏறும்போது ஐந்து விரலும் தீர்ந்தபிறகு நடுவிரல் மேலே தாண்டி வர வேண்டும். அந்த இடத்தில் சத்தம் இடிக்காமல், வேகம் தடங்காமல் போக எனக்கு ஆறு வாரம் ஆனது. தினமும் பத்து நிமிடம், சமையல் முடித்த கையோடு. ஸ்கேலை மனப்பாடமாகத்தான் வாசிக்க வேண்டும். விரல் பயிற்சிகளுக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற விஷயமே இல்லை இது.

பாட்டுக்கான 22 மார்க்கும் ஒரே கட்டியாகக் கிடையாது. நோட்டைச் சரியாகவும் தடையில்லாமலும் வாசிப்பதற்கு 7, கை வாகுக்கும் தொனிக்கும் 7, பாட்டின் உணர்வைக் கேட்பவருக்குக் கொண்டுசேர்ப்பதற்கு 8. மூன்றில் கடைசிக்குத்தான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். ஒரு தவறும் இல்லாமல், ஒரே சத்தத்தில், தட்டச்சு மெஷின் மாதிரி வாசித்தால் முதல் 7 கிடைக்கும், 8 கிடைக்காது. இந்த இடத்தில் குழந்தைகள் நம்மைவிட மேல். என் பாட்டுகளுக்கு 17, 18, 16. கூட்டினால் 51. மகள் 52. ஆமாம், வாசிப்பில் அவள் என்னைவிட ஒரு மார்க் அதிகம். எனக்குக் கூடுதலாக வந்ததெல்லாம் டெக்னிக்கலில் 4, மியூசிகல் நாலெட்ஜில் 6, ஆரலில் 3. அதாவது வகுப்பு தொடாமல் விட்ட 34 மார்க்கில்தான் மொத்த வித்தியாசமும்.

மியூசிகல் நாலெட்ஜ் இவ்வளவு சுலபம் என்று தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்தது. ஐந்து கேள்வி. வாசித்த பாட்டின் தாளையே வைத்துக்கொண்டு விரலைக் காட்டிக் கேட்பார்கள். இந்த நோட்டின் பெயர் என்ன, இது எத்தனை எண்ணிக்கை, இந்தக் குறிக்கு என்ன அர்த்தம், இந்தக் கோட்டுக்கு என்ன பெயர். புத்தகத்தில் பென்சிலால் எதுவும் எழுதாமல் இருந்தால் ஒன்பது வயதுக் குழந்தை இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளும். குரோச்செட் என்ற நோட்டுக்கு ஒரு எண்ணிக்கை, மினிமுக்கு இரண்டு, செமிபிரீவுக்கு நாலு. அட்சரக் காலம் எண்ணிப் பழகியவர்களுக்கு இது விளையாட்டு.

ஆரல் எனக்கு 7 தான். பலமா மென்மையா, கோர்த்து வாசித்ததா வெட்டி வாசித்ததா என்பதெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டேன். கை தட்டும் இடத்தில் என் பழைய சங்கீதம் காலை வாரிவிட்டது. கேட்கும் மெட்டுக்குத் தட்டி, முதல் அடியை மட்டும் அழுத்தித் தட்ட வேண்டும். என் கை என்னைக் கேட்காமலே சுண்டுவிரலை எண்ணப் போனது. மெட்டு மூன்று எண்ணிக்கை, நான் போட்டது பாதி ஆதி தாளம். தேர்வாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, நல்ல மனிதர்.

இங்கேதான் இந்தத் தேர்வின் மேல் எனக்கு இருக்கிற ஒரே சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். சைட் ரீடிங்கைத் தவிர்த்துவிட்டே கிரேடு 5 வரை போக முடியும். வகுப்புகளும் அதைத்தான் செய்கின்றன, எங்கள் வகுப்பில் சைட் ரீடிங் என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. ஆனால் கிரேடு 6 முதல் 8 வரை அது கட்டாயம். ஐந்து வருடம் பென்சில் எழுத்தை நம்பி வாசித்த பிள்ளை அங்கே போய் முட்டி நிற்கும், அப்புறம் 'பப்ளிக் எக்ஸாம் வருது' என்று பியானோவை மூடிவிடுவார்கள். தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் நல்லதுதான், பயந்த குழந்தைக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தச் சுதந்திரத்தை வாத்தியார் எடுத்துக்கொண்டால் குழந்தைக்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்த விஷயத்தில் ஏபிஆர்எஸ்எம் கறாராக இருக்கிறது. 1889-ல் தொடங்கிய இன்னொரு பிரிட்டிஷ் போர்டு அது. அவர்களுடைய பிராக்டிகல் கிரேடில் மொத்தம் 150, மூன்று பாட்டுக்குத் தலா 30, ஸ்கேலுக்கு 21, சைட் ரீடிங் 21, ஆரல் 18. எதையும் விட முடியாது. பாஸ் 100. மூன்று பாட்டிலும் முழு மார்க் வாங்கினாலும் 90 தான் வரும், மிச்சப் பத்துக்கு வேறு இடத்தில் உழைத்தே ஆக வேண்டும். பாட்டை மட்டும் மனப்பாடம் செய்யும் வகுப்பு அங்கே பிழைக்காது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அவர்களும் 2020-ல் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள், நான்கு பாட்டு, வீடியோவில் ஒரே மூச்சாக வாசித்து அனுப்பினால் போதும், ஸ்கேலும் இல்லை, சைட் ரீடிங்கும் இல்லை. டிரினிட்டியிலும் டிஜிட்டல் தேர்வு உண்டு. அதிலும் சப்போர்டிங் டெஸ்ட் கிடையாது, அதற்கான மார்க்கை மொத்த நிகழ்ச்சியையும் பார்த்துப் போடுவார்கள். ஒரே டேக், வெட்டி ஒட்டக் கூடாது. எளிது என்று நினைக்காதீர்கள். மகள் ஒரு நாள் ஆசைக்கு முயன்று பார்த்தாள், பதினோராவது டேக்கில் குக்கர் விசிலடித்தது.

பதிவு செய்யும் முன் இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிரினிட்டியில் பியானோ வேறு, எலக்ட்ரானிக் கீபோர்டு வேறு, இரண்டுக்கும் தனித்தனி சிலபஸ், தனிப் புத்தகம். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'கீபோர்டு கிளாஸ்' என்று ஒரே பெயர். கீபோர்டு தேர்வில் இடது கையால் கார்டு (ஒரே சமயத்தில் சில ஸ்வரங்கள்) பிடித்து, பின்னால் ஆட்டோ ரிதம் ஓடவிட்டு, வாசிக்கும்போதே பட்டன் தட்டி வேறு வாத்தியத்தின் சத்தத்துக்கு மாற்றுவது எல்லாம் சேர்த்தி, அது தனி சாமர்த்தியம். பியானோ தேர்வில் அந்தப் பட்டன் எதுவும் கிடையாது, இரண்டு கையும் தனித்தனி வேலை செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது 61 கட்டை கீபோர்டு, கட்டைகள் சோன்பப்டி மாதிரி லேசு. அதில் பழகிவிட்டுத் தேர்வு மையத்தில் நிஜப் பியானோவைத் தொட்ட மகளுக்குப் பாதி ஸ்வரம் சத்தமே வரவில்லையாம். நான் தயாரானபோது, கட்டைக்கு எடை உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்றை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வாடகைக்குப் பிடித்தேன். வாங்க வேண்டும் என்று அவசியமில்லை, ஆனால் விரல் அந்தப் பாரத்தை ஒரு மாதமாவது பார்த்திருக்க வேண்டும்.

புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அனுமதியில்லாத நகலை வைத்து வாசிக்கக் கூடாது என்பது விதி, அசல் புத்தகம் கையில் இருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கும் ஸ்பைரல் பைண்டிங் நகல்தான் ஓடியது. தேர்வுக்கு முதல் நாள் மாலை எல்லா அம்மாக்களும் ஒரே சமயத்தில் கடைக்கு ஓடினோம்.

தேர்வு நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே தேர்வாளரும் நாமும் மட்டும், பெற்றோருக்கும் டீச்சருக்கும் அனுமதி இல்லை. வெளியே பெஞ்சில் ஷூ லேஸ் கட்டத் தெரியாத ஏழெட்டுக் குழந்தைகளுக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தேன், ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "உங்க கொழந்தை உள்ள போயிருக்காம்மா?" என்றார். இல்லை பாட்டி, நான்தான் கொழந்தை என்றேன். எந்தப் பகுதியை முதலில் வாசிப்பது என்று நாமே சொல்லலாம் என்பதால் நான் ஸ்கேலில் தொடங்கினேன், கை நடுக்கம் அதில் கரைந்தது. ஸ்டூல் உயரத்தைச் சரிசெய்துகொள்ளச் சொன்னார்கள், வெட்கப்பட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முந்தைய ஆள் ஆறு வயது. மூன்று பாட்டும் முழங்கை காதுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி வாசித்தேன், அந்த 16 அதனால்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் மதிப்பெண் கேட்டால் தேர்வுக்கு ஐந்தில் நாலு. சைட் ரீடிங்கை இரண்டு கிரேடுக்கு ஒரு தடவையாவது கட்டாயமாக்கினால் நாலரை கொடுப்பேன். வகுப்புக்கு ஒன்று, அதுவும் அங்கே ஃபேன் நன்றாக ஓடியதால்.

மகளை வேறு டீச்சரிடம் மாற்றியாயிற்று. வீடு தேடி வருகிறார், புத்தகத்தைத் திறந்ததும் முதலில் ஒரு ரப்பர் கேட்டார். இப்போது கிரேடு 1-க்குத் தயாராகிறாள். சப்போர்டிங் டெஸ்டில் ஆரல் ஒன்று, இன்னொன்று சைட் ரீடிங் என்று அவளே சொல்லிவிட்டாள். தேர்வில் புதிய தாளைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ள 30 வினாடி தருவார்கள். தினமும் ராத்திரி எனக்கு ஒரு வரி, அவளுக்கு ஒரு வரி, போனில் 30 வினாடி டைமர் வைத்து வாசிக்கிறோம். நேற்று என் முறை வந்தபோது நான் வரியின் தொடக்கத்தில் இருந்த பேஸ் கிளெஃபை (கீழ் ஸ்வரங்களுக்கான குறி) ட்ரெபிள் (மேல் ஸ்வரங்களுக்கான குறி) என்று நினைத்து முழு வரியையும் வாசித்து முடித்தேன். அவள் கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "பத்துக்கு மூணும்மா" என்றாள்.